எண்பது பேர் தூக்க வேண்டிய வீடு

மப்பியாசேயை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அவரைப் பிடித்தவர்கள் யார் என்று எண்ண ஆரம்பித்தால் ஒரு கையிலேயே விரல்கள் மிச்சமாகும். இருபத்தேழு வருஷம் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவர். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு முன்னாலும் வந்து நிற்பார். மீட்டரைப் பார்த்தோமா, எழுதினோமா, போனோமா என்று இருக்க வேண்டியதுதானே? மாட்டார். நாலடி பின்னால் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூரை உச்சியிலிருந்து தூண் அடிவரைக்கும் வீட்டை ஒரு பார்வை பார்ப்பார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனாலாவது தேவலை.

"ஜன்னலை ஏன் இவ்ளோ மேல வச்சீங்க? வீடு திருட்டு முழி முழிக்குது" என்பார் ஒரு வீட்டில். "கூரை ரொம்ப அம்சமா இருக்கு. வீடுதான் அதுக்குத் தகுதியா இல்ல" என்பார் அடுத்த வீட்டில். என் கணவர் சாயிங் ஆசை ஆசையாகத் தகரக் கூரைக்கு நீலப் பெயின்ட் அடித்து முடித்த அன்றைக்குத்தான் அந்த மாத ரீடிங். மனுஷன் அண்ணாந்து பார்த்தார். "தலையில பிளாஸ்டிக் வாளியக் கவுத்த மாதிரி இருக்கு, சாயிங்" என்றார். சாயிங் ஏணியிலிருந்து இறங்கவேயில்லை. இறங்கியிருந்தால் பெயின்ட் டப்பா அவர் தலையில் கவிழ்ந்திருக்கும்.

நியாயமாகச் சொன்னால், குறையை விடப் பாராட்டித்தான் அதிகம் பேசியிருப்பார். ஆனால் பாராட்டை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? ஏரியில் மூங்கில் தெப்பத்தின் மேல் வீடு கட்டி மிதக்கிற மீன்காரர்களிடம் போய், இந்த ஜில்லாவிலேயே புத்தியுள்ள வீடு உங்களுடையதுதான் என்று சொல்லியிருக்கிறார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வீடு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம், அரண்மனைக்குக்கூட அது தெரியாதாம். கேட்ட மீன்காரன் இவர் தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துத் துடுப்பை ஓங்கிக்கொண்டு வந்தான்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே, நான் காப்பிக் கடை நடத்துகிறேன். வீடு மேலே, கடை கீழே. ஓய்வு பெற்ற பிறகு, தினமும் காலை ஏழு மணிக்கு வந்து ஓரத்து பெஞ்சில் உட்காருவார். அவர் வந்தால் மற்றவர்கள் மெதுவாகக் கிளம்பிவிடுவார்கள். அடுப்பு என்னுடையது, நான் எங்கே ஓடுவது? அதனால் எல்லாக் கதையும் என் தலையில்தான் விழும்.

வேலையில் இருந்த நாளில், லீவு கிடைத்தால் எங்காவது கட்டடம் பார்க்கப் போய்விடுவார், அதுவும் தனியாக. மலைக்கு மேலே தோராஜாக்காரர்களின் வீடுகளைப் பார்க்க எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய், இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, எட்டு மணி நேரம் திரும்பி வருவார். மக்காசார் பட்டணத்தில் இருக்கிற பழைய கோட்டையை மேலிருந்து பார்த்தால் ஆமை மாதிரி தெரியுமாம். "மேலேருந்து யாரு பார்க்கப் போறா, பறவையா? மூணு மணிக்கு அந்தச் சுவரோட நிழல் நாலு பேர் படுக்கிற அளவுக்கு விழுது பாரு, அதுதான் கட்டடம்" என்றார் என்னிடம். ஒருமுறை ஆபீசில் எல்லோரையும் ஜாவாவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். போரோபுதூர் கற்கோயிலில் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய்விட, இவர் மட்டும் ஒரு மூலைக் கல்லும் பக்கத்துக் கல்லும் எப்படிக் கவ்விக்கொண்டிருக்கின்றன என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பஸ் போய்விட்டது. பஸ்ஸில் ஆள் எண்ணினார்களா என்று கேட்டேன். "எண்ணியிருப்பாங்க. நான் இல்லேன்னு யாருக்கும் தோணியிருக்காது" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். நான் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன், உம் கொட்டினேன். பாதிக் கதைக்கு நான் காதே கொடுத்ததில்லை.

அவருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை. அதற்கும் ஒரு வீடுதான் காரணம், அதுவும் அவர் வீடே.

இருபத்தெட்டு வயதில், நஹாரியா என்கிற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் வீடு எழும்ப வேண்டும் என்று இவரே மரம் வாங்கி, தச்சர்களோடு சேர்ந்து தானும் உளி பிடித்துக் கட்டினார். இருபது தூண், நல்ல வைரம் பாய்ந்த மரம், ஆணி கிடையாது, எல்லாம் ஒரு மரத்தின் முளையை இன்னொரு மரத்தின் துளையில் இறக்கிப் பூட்டினதுதான். அந்த மட்டும் சரி. எங்கள் வீடுகளுக்குக் கூரையின் நெற்றியில் முக்கோணமாகப் பலகை அடுக்குவோம். இன்னாருக்கு இத்தனை அடுக்கு என்று உண்டு. அரச வம்சத்துக்கு மூன்றும் அதற்கு மேலும், நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு. இவர் மூன்று அடுக்கு வைத்துவிட்டார். அகம்பாவம் எல்லாம் இல்லை. கூரையின் உயரத்துக்கு இரண்டு வைத்தால் முகம் மொட்டையாகத் தெரிகிறதாம், மூன்று வைத்தால்தான் கண்ணுக்கு அமைகிறதாம்!

ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு அடுக்கை எடுத்துவிடு என்றார்கள். எடுத்துத் தொலைத்திருக்கலாம், அரை மணி நேர வேலை. இவர் மூன்று மாதம் வாதாடினார். காகிதத்தில் வரைந்து காட்டினார். இரண்டு அடுக்கோடு ஒரு படம், மூன்று அடுக்கோடு ஒரு படம். எது அழகு என்று நீங்களே சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போனார். நஹாரியாவின் அப்பா படத்தைப் பார்க்கவில்லை. "ஒரு பலகைக்காக ஊரோட மல்லுக்கு நிக்கிறவன் என் பொண்ணை நாளைக்கு எங்க கொண்டுபோய் நிறுத்துவான்?" என்று கேட்டார். கடைசியில் இவர் அந்த அடுக்கைக் கழற்றினபோது நஹாரியாவுக்குப் பாரேபாரே பட்டணத்தில் ஒரு தையல்காரரோடு நிக்காஹ் முடிந்திருந்தது. பலகைக்காக அத்தனை பேசின வாய் அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? எனக்கு இன்றைக்கும் ஆற மாட்டேன் என்கிறது. இப்போது போய்ப் பாருங்கள், பெட்ரோல் பங்க்குக்கு ஐந்து அடுக்கு, ஏடிஎம் கூண்டுக்கு மூன்று அடுக்கு. கேட்க நாதியில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் முப்பத்தெட்டு வருஷம் தனியாக இருந்தார். யாரையும் கூப்பிட்டதில்லை. வெளியிலிருந்து பார்த்தால், என் வாயால் சொல்கிறேன், எங்கள் தெருவில் அதுதான் லட்சணமான வீடு.

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் சிக்கல் வந்தது. வீடு அவருடையது, நிலம் அண்ணனுடையது. அண்ணன் இறந்தபின் அண்ணன் மகன் ரிஸால் நிலத்தை நெல் கிடங்கு கட்டுகிறவனுக்கு விற்றுவிட்டான். மாதக் கடைசிக்குள் வீடு இடத்தைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கிடங்குக்காரனே ஆள் வைத்துப் பிரித்துப் போட்டுவிடுவான். வாய்க்கால் ஓரத்தில் இவருக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தது, அறுநூறு அடி தூரம்.

"பிரிச்சுக் கொண்டுபோய் அங்க கட்டிக்கங்களேன், டயெங்" என்றேன். வயதில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவோம், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

"முப்பத்தெட்டு வருஷம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு இருந்த மரம், பெச்சே. இப்ப இழுத்தா முளை எல்லாம் உடைஞ்சு போயிடும். அப்புறம் அது விறகு." காப்பி ஆறிக்கொண்டிருந்தது, அவர் தொடவில்லை. "தூக்கித்தான் கொண்டுபோகணும்."

"எத்தனை பேரு வேணும்?"

"தூணுக்கு நாலு பேர். எம்பது."

எங்கள் பக்கத்தில் தூண் மேல் நிற்கிற மர வீட்டைப் பிரிக்காமல் ஊரே சேர்ந்து தோளில் தூக்கி நகர்த்துவோம், அதற்கு ஆள் கணக்குச் சொல்வதே அவர்தான். யார் வீட்டைத் தூக்குவது என்றாலும் அவரிடம் வந்து கேட்பார்கள். தூணை எண்ணி, மரத்தைத் தட்டிப் பார்த்து இத்தனை பேர் என்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இந்த எண்பது பேருக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. வீடு தூக்க வருகிறவர்களுக்குக் கூலி கிடையாது. காப்பி, பலகாரம், வேலை முடிந்ததும் சாப்பாடு, அவ்வளவுதான். மனசு இருந்தால் வருவார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொரு படிக்கட்டின் அடியிலும் போய் நின்று அழைக்க வேண்டும். அந்தப் படிக்கட்டுகளின் அடியில் நின்றுதான் இவர் இருபத்தேழு வருஷமாக எல்லோரையும் காயப்படுத்தியிருக்கிறார்.

"நானும் வர்றேன்" என்றேன். "பேசறது நான். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. வீட்டை அண்ணாந்து பார்க்கவும் கூடாது. தரையைப் பார்த்துக்கிட்டு நில்லுங்க."

"நான் என்ன சொல்லிடப் போறேன்?"

"அதான் எனக்கும் தெரியல, அதான் பயம்!"

முதல் ஐந்து வீடு ஒழுங்காகப் போனது. அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் வருகிறேன் என்றான், ஒருவன் முதுகுவலி என்றான், ஒருத்தி புருஷன் ஊரில் இல்லை என்றாள், அவன் பின்பக்கம் கோழிக்குத் தீனி போடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. ஆறாவது, ஊர்த் தலைவர் ஹாஜி பத்தாரேயின் வீடு. அவர் சொன்னால் முப்பது பேர் வருவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மர வீட்டை நகர்த்தி விட்டு, அந்த இடத்தில் சிமெண்டில் பெரிய வீடு கட்டியிருந்தார். முன்னால் நாலு உருண்டைத் தூண், தூணுக்குத் தலையில் பூ வேலைப்பாடு, வாசலில் இரண்டு சிங்கம்.

ஹாஜி வெளியே வந்தார். "மீட்டர் மகாராஜா என் வீட்டுக்கு வந்திருக்காரே! என்ன பெச்சே, ரீடிங்கா?"

"வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு டயெங் வீட்டைத் தூக்கறோம், ஹாஜி. நீங்க நாலு பேருக்குச் சொன்னா புண்ணியமாப் போகும்."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும். என் பழைய வீட்டைத் தூக்கினப்போ ஊரே தோள் கொடுத்துச்சு. இவரு என்ன பண்ணாரு? எதிர்ல நின்னு, தலையைச் சாய்ச்சு வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தாரு. ஒவ்வொரு வீட்டுக்கும் இதே கதைதான். உன் தோள் என்னய்யா, சர்க்கரையா, கரைஞ்சிடுமா?"

நான் இவர் முழங்கையைக் கிள்ளினேன். பிரயோஜனமில்லை.

"எல்லாரும் அடியில நின்னா வீடு எந்தப் பக்கம் சாயுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். "உங்க வீடு பின்பக்கம் சாஞ்சப்போ கத்தினது யாரு? நான்தானே." அது உண்மைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். தலையை நிமிர்த்தினார். "நல்ல வீடு அது, ஹாஜி. வீடு மாதிரியே இருக்கும். இது..."

"டயெங்!" என்றேன்.

"இந்த நாலு தூணும் எதையும் தாங்கல. மேல பாருங்க, பாரமே இல்ல. சும்மா நிக்குது. பாவமா இருக்கு."

ஹாஜி பத்தாரேயின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. "வெள்ளிக்கிழமை என் தூண் மாதிரியே நானும் சும்மா நிக்கிறேன், போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

திரும்பி நடக்கும்போது நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உங்களுக்கு நாக்கா, உளியா? வீடு விறகாகிவிட்டால் இந்தத் தூணும் சிங்கமுமா வந்து உங்களுக்குக் கூரை போடும்? அவர் வாய்க்கால் திருப்பத்தில் நின்றார். "பெச்சே, எம்பது வராட்டி வீட்டைத் தொட வேணாம்னு சொல்லிடு. பாதியில கீழ விழுந்தா ஆளுங்க கால் போயிடும். வீடு போனாப் போகுது" என்றார்.  எனக்குக் கோபம் இறங்கிவிட்டது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

வியாழக்கிழமை பெண்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சமையலை என் கடையிலேயே ஆரம்பித்தோம். வழக்கமாக, வீடு தூக்குவதற்கு முன் பெண்கள் மேலே ஏறிப் போய்க் கண்ணாடிச் சாமான்களை எடுத்து வைத்து, அலமாரிகளைக் கயிற்றால் கட்டிவிட்டு வருவோம். மற்றதெல்லாம், கட்டில், நெல் கூடை, பரணில் இருக்கிற பாத்திர பண்டம், எல்லாம் உள்ளேயே இருக்கும். கனமான வீடு என்றால் நிறைந்த வீடு என்று அர்த்தம், அதில் ஒரு பெருமை. தூக்குகிற ஆம்பளைகள் மூச்சு முட்டிக்கொண்டே கத்துவார்கள், "உள்ள எவன்டா மாமியாரை விட்டுட்டு வந்தது?" என்று. வீட்டுக்காரர் சிரிப்பார். அந்தக் கிண்டலைக் கேட்காமல் எந்த வீடும் நகர்ந்ததில்லை.

நான் கயிற்றை எடுத்துக்கொண்டு மப்பியாசே வீட்டுப் படியில் கால் வைத்தேன். அவர் மேலே கதவை மறித்துக்கொண்டு நின்றார். "வேணாம். நானே எல்லாம் பார்த்துக்கிட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் பார்க்கக் கூடாத அளவுக்கு உள்ளே என்ன தங்கமா கொட்டிக் கிடக்கிறது? கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம் இரண்டு தடவை அழைப்புக் கொடுத்தார். தூண்களோடு சேர்த்து மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைத்திருந்தோம். காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. பாரோங்கோ, வாழைப்பழத்தை மசித்து இலையில் மடித்து வேகவைப்போமே அது, இருநூறு செய்து அடுக்கியிருந்தேன். ஆட்கள் வந்தார்கள், ஒருவர் இருவராக. சாயிங் வந்தார். நீல வாளியை மறக்கவில்லை, இருந்தாலும் வந்தார். முதுகுவலிக்காரன் வந்தான். ஏரியிலிருந்து அந்தத் துடுப்புக்காரன் தன் தம்பிகள் இரண்டு பேரோடு வந்தான். அதற்கப்புறம் வரத்து நின்றுவிட்டது.

மப்பியாசே வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைவது தெரிந்தது. நாற்பத்து இரண்டு. திரும்பவும் எண்ணினார், நாற்பத்து இரண்டுதான். பாரோங்கோ தட்டு பாதிகூடக் காலியாகவில்லை, எனக்கு அதைப் பார்க்கவே அவமானமாக இருந்தது. அப்போது தெருமுனையில் ஹாஜி பத்தாரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார், தனியாக. முப்பது பேரைக் கூட்டி வரவில்லை.

"நான் இவருக்காக வரல" என்றார் என்னிடம். "வீடு என்ன தப்பு பண்ணிச்சு?"

நாற்பத்து மூன்று. மப்பியாசே எல்லோர் முன்னாலும் வந்து நின்றார். "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா எம்பது பேர் வேணும். இது பாதிதான். யாருக்காவது அடிபட்டா நான் தாங்க மாட்டேன். காப்பி குடிச்சிட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க. கிடங்குக்காரன் பிரிச்சுக்கட்டும்" என்றார். அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

யாரும் நகரவில்லை. சாயிங்தான் பேசினார். "ஒரு தடவை அசைச்சுப் பார்ப்போம், டயெங். அசையலேன்னா விட்டுடலாம். இதுக்குக்கூடத் தோள் கொடுக்கலேன்னா நாளைக்கு எங்க வீட்டை எவன் தூக்குவான்?"

எல்லோரும் அடியில் போய் நின்றார்கள். தூணுக்கு நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். ஹாஜி பத்தாரே முன்னால் நின்று குரல் கொடுத்தார். பாதி ஆள் என்பதால் எல்லோரும் உயிரைக் கொடுத்துத் தம் பிடித்தார்கள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நிற்பதை நான் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று!

வீடு துள்ளிக்கொண்டு எழுந்தது.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். பின்வரிசையில் இருந்தவர்கள் நிலை தடுமாறி முன்னால் இருப்பவர்கள் மேல் சாய்ந்தார்கள். துடுப்புக்காரனின் தம்பி முட்டி போட்டு விழுந்து எழுந்தான். வீடு அவர்கள் தோளில் நின்றது, லேசாக ஆடிக்கொண்டு. முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது தூண் வீடு அந்தக் கனம்தான் இருக்கும் என்றால் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வீடு தூக்கிப் பழகிய தோள்களுக்குத் தெரியாதா?

நடந்தார்கள். அறுநூறு அடிக்கு மூன்று இடத்திலாவது இறக்கி வைத்து மூச்சு வாங்குவது வழக்கம். ஓரிடத்திலும் இறக்கவில்லை. மாமியார் கிண்டலை யாரும் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று பேரின் கால் சத்தம் மட்டும்தான் கேட்டது. மப்பியாசே பக்கவாட்டில் நடந்து வந்தார். வீடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவில்லை. முதன்முதலாக அவர் ஒரு வீட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடப்பதைப் பார்த்தேன்.

வாய்க்கால் ஓரம் போட்டிருந்த கற்களின் மேல் வீட்டை அலுங்காமல் இறக்கினார்கள். ஆம்பளைகள் கீழேயே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நகர்ந்து வந்த வீட்டில்தான் முதல் சாப்பாடு என்பதால், பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நான் மேலே ஏறினேன். இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை.

உள்ளே ஒன்றுமே இல்லை. அறை இல்லை, தடுப்பு இல்லை, பரணுக்குப் பலகை இல்லை. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடிவரைக்கும் ஒரே வெற்றுத் தரை, அண்ணாந்தால் கூரைத் தகரம். ஒரு மூலையில் ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். தரையில் தச்சர்கள் கரிக்கயிறு அடித்துப் போட்ட கோடுகள் இருந்தன. முன்கூடம் இவ்வளவு, படுக்கும் அறை இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று சுவர் வர வேண்டிய இடங்கள். முப்பத்தெட்டு வருஷமாகியும் கோடுகள் அழியவில்லை. வாசலிலிருந்து அந்தப் பாய்வரைக்கும் ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு தடம் மட்டும் தேய்ந்து போயிருந்தது. மற்ற இடத்தில் யார் நடந்தார்கள், அழிவதற்கு?

எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு வருத்தம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். அவர் பின்னால் வந்து நின்றதும் பிடித்துக்கொண்டேன்.

"ஊரான் வீட்டு ஜன்னல் ஒரு விரற்கடை மேல போனா உங்களுக்குத் தூக்கம் வராது. உங்க வீட்டுல ஒரு சுவரு இல்லையே டயெங்! என்ன வாழ்க்கை இது? ஏன் முடிக்கல?"

"வெளிய முடிச்சிட்டேன்" என்றார். "உள்ள... ஒருத்தனுக்கு எதுக்கும்மா தடுப்பு? யார்கிட்டேயிருந்து யாரை மறைக்க?"

நான் பாயை விரிக்க ஆரம்பித்தேன்.  அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கோடுகளைப் பார்த்தபடி நின்றார்.

"என் கணக்கு தப்பினதேயில்லை, பெச்சே. எம்பதுன்னு நான்தான் சொன்னேன். தூணை எண்ணினேன், மரத்தைத் தட்டினேன், சரியாத்தான் போட்டேன். பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குப் போட்டுட்டேன். கட்டினப்போ போட்ட கணக்கு அது. நடுவுல மாத்தணும்னு தோணவே இல்ல." பிறகு, "எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, இல்ல?" என்றார்.

இல்லை என்று பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை. நாற்பத்து மூன்று தோளுக்குத் தெரிந்ததை நான் எப்படி இல்லை என்பது?

கீழே மீன் குழம்பும் இலையில் மடித்த சோறும் வந்து இறங்கிவிட்டன. ஆட்கள் படிக்கட்டின் அடியில் கூடி நின்றார்கள், ஹாஜி பத்தாரே முன்னால். யாரும் முதல் படியில் கால் வைக்கவில்லை. வைக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் வாசலில் நின்று கூப்பிடாமல் எங்கள் ஊரில் யாரும் யார் வீட்டுப் படியும் ஏற மாட்டார்கள்.

"போங்க, டயெங். எல்லாரும் பசியில நிக்கிறாங்க" என்றேன்.

அவர் வாசல்வரைக்கும் போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு, கீழே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் பார்த்தார்.  பிறகு என் பக்கம் திரும்பி, அவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"என்ன சொல்லிக் கூப்பிடணும், பெச்சே?"

அறுபத்தாறு வயது மனுஷன் கேட்கிறார்.  "'ஏறி வாங்க'ன்னு சொல்லணும், டயெங்" என்றேன். இருபத்தேழு வருஷம் மாதம் தவறாமல் என் வீட்டு முன்னால் வந்து நின்றவர், அதற்குப் பிறகு எட்டு வருஷம் தினமும் என் வீட்டுக்கு அடியில் காப்பி குடித்தவர். அந்த இரண்டு வார்த்தையை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.